தேங்காயை எடுத்துக்கொண்டு புத்தகத்தை விட்டுப் போனவர்கள்

காவிரிக் கரைக் குத்தாலத்தில் ஒரு கல்யாண மண்டபம். பந்தி முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தை மாதக் கடைசி என்று நினைவு. வழியெல்லாம் அறுப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் பாதிப் பேர் தலையில் வைக்கோல் தூசியோடுதான் வந்திருந்தார்கள்.

வாசலில் மஞ்சள் துணிப்பை கொடுத்தார்கள். வெற்றிலை, பாக்கு, ஒரு தேங்காய். அதோடு ஒரு புத்தகம்.

நம் ஆட்களுக்குப் பையை வீட்டுக்குப் போய்ப் பிரிக்கும் பழக்கம் கிடையாது. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து கையை விட்டுத் துழாவினார்கள். தேங்காயை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்கள். புத்தகம் கையில் தட்டியதும் முகம் மாறியது.

"என்னய்யா இது, பரீட்சை வைக்கப் போறாங்களா?"

"இதுக்குத் தேங்காயக் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாம்."

அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் நாகரிகமாக நாற்காலிக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். ஒரு அம்மாள் அதன்மேல் எச்சில் காபி டம்ளரை வைத்தாள். எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது.

ஒரு பெரியவரை மறித்தேன். "ஏங்க, புத்தகத்த விட்டுட்டுப் போறீங்க?"

"இருக்கட்டும்மா. கண்ணு தெரியல."

"கண்ணாடி போட்டிருக்கீங்களே."

"இது தூரத்துக்கு."

"அப்பத் தூரமா வச்சுப் படிங்க."

அவர் படிக்கவில்லை. நான் வரிசை வரிசையாகப் போய்ப் பொறுக்க ஆரம்பித்தேன். சமையல்காரரிடம் இரண்டு கட்டைப் பை வாங்கி இரண்டையும் நிரப்பினேன். எங்கள் வீட்டுக்காரருக்கு மானம் போயிற்று.

"மல்லிகா, பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

"நெனச்சுட்டுப் போகட்டும்."

உண்மையிலேயே ஒருத்தி ஒன்று நினைத்தாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

பூட்டி வைத்த புதுசு

கிராமத்து நர்ஸாக இருந்தவளுக்குப் புத்தகத்தோடு என்ன வேலை என்று இந்தத் தொடரைப் படிக்கிற சிலருக்குத் தோன்றுகிறதாம். ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டார். காபி கொடுத்துவிட்டுத்தான் திட்டினேன்.

எங்கள் அம்மாவும் அப்பாவும் கூலிக்கு வயலில் இறங்கியவர்கள். நான் படித்து வேலைக்குப் போய், அந்தச் சம்பளத்தில் ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் வாங்கினோம். வீட்டுக்காரர் அதில் சாகுபடி பார்க்கிறார். அதனால் வயலை வரப்பில் நின்று பார்த்து எழுதிய கதைகள் எனக்கு ஆகாது. அவற்றில் நடவு நடும் பெண்கள் எந்நேரமும் பாடிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் அம்மா வயலில் பாடி நான் கேட்டதில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். அப்போது வருவது பாட்டு இல்லை.

எனவே எனக்குப் புதுசு வேண்டும். இப்போது உயிரோடு இருக்கிறவர்கள் எழுதியது வேண்டும். அது எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைக்காது.

நான் வேலை பார்த்த ஒரு ஊரில், பெயர் வேண்டாம், நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வந்ததும் கண்ணாடி பீரோவுக்குள் போய்விடும். கேட்டால் "இன்னும் நம்பர் போடல நர்ஸம்மா" என்பார் நூலகர். எப்போது போடுவீர்கள் என்றால் "சீல் வரல" என்பார். சீல் வருவதற்குள் தாள் பழுத்துவிடும். புதுசைப் பூட்டி வைத்துப் பழசாக்கிக் கொடுக்கும் ஏற்பாடு. ஒருநாள் பீரோவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே பிரித்தேன். கருவாட்டுக் குழம்பு. சாவி வந்தது.

செத்துப்போனவர்கள் நன்றாக எழுதியிருக்கிறார்கள். யார் இல்லை என்றது? ஆனால் அவர்களோடு சண்டை போட முடியாது.

முன்னுரைக்கு அடியில்

புதிதாகப் புத்தகம் போடும் நம் ஆட்களிடம் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. முன்னுரையில் அம்மாவுக்கு நன்றி, தமிழாசிரியருக்கு நன்றி, பிழை திருத்தியவருக்கு நன்றி என்று சொல்லி, ஊர்ப் பெயரைப் போட்டு, அதற்கு அடியில் செல்போன் நம்பரையும் போட்டுவிடுவார்கள். யார் கூப்பிடப் போகிறார்கள் என்ற தைரியம்.

நான் கூப்பிடுவேன்.

ஒருவர், நான் பேச்சை ஆரம்பிக்கும் முன்பே, "எந்த விருதுக் கமிட்டி?" என்றார். இன்னொருவர் கதையில் பிரசவம் ஆகிறது. பிறந்த நிமிஷமே குழந்தை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறது. நான் எத்தனை பிரசவம் பார்த்தவள்! கூப்பிட்டுக் கேட்டேன். "அது ஒரு குறியீடும்மா" என்றார். "புள்ளைக்குத் தெரியுமா?" என்றேன். போனை வைத்துவிட்டார்.

ஆனால் பொறுமையாகக் கேட்டவர்களும் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எழுதும் ஒரு பையன் இன்றைக்கும் பொங்கலுக்கு எனக்குப் போன் செய்கிறான். முதல் தடவை அவனை அரைமணி நேரம் திட்டியிருந்தேன்.

பங்குனியில் தண்ணீரா?

குத்தாலத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே புத்தகத்தைப் பிரித்தேன். எழுதியவர் பெயர் ஹசீனா. ஊர் முத்துப்பேட்டை. சிறுகதைகள். தலைப்பைச் சொல்லமாட்டேன், அவளுக்கே இப்போது அது பிடிக்கவில்லை.

முதல் கதை வயல். இரண்டாவது கதையும் வயல். நடவு நடும் பெண்கள் பாடுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். நடுவில் ஒரு நீளமான கதை. பங்குனி மாதம், வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது, நடவு முடிந்து அம்மா கால் கழுவுகிறாள், பக்கத்தில் நின்ற குழந்தை வழுக்கி விழுந்து போய்விடுகிறது.

எனக்கு ரத்தம் கொதித்தது. பங்குனியில் எங்கள் ஊர் ஆறான புதாற்றில் மணல்தான் கிடக்கும். பையன்கள் நடு ஆற்றில் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். அணையை மூடி எத்தனை நாளாகியிருக்கும்! அந்தக் குழந்தையை மூழ்கடித்தே தீரவேண்டும் என்றால் ஆடி வரைக்குமாவது பொறுத்திருக்க வேண்டும்.

புத்தகத்தை மூடப் போனேன். மன்னார்குடி தாண்டவில்லை, வேறு வேலையும் இல்லை. கடைசிக் கதைக்கு வந்தேன். சின்னக் கதை.

ஒரு ஃபேன்சி ஸ்டோர். சுவரில் இரண்டு கடிகாரம். ஒன்று நம் நேரம். இன்னொன்று புருஷன் வேலை பார்க்கும் சார்ஜா நேரம். அவர் எழுந்தாரா, சாப்பிட்டாரா என்று அதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும். பல வருஷம் கழித்து அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுகிறார். அந்தக் கடிகாரத்தை யாரும் கழற்றவில்லை. கடையில் உட்கார்ந்திருக்கும் அவர், அதில் ஒரு மணி ஆனால்தான் சாப்பிட எழுந்திருக்கிறார். அவளும் அதுவரை பசியோடு இருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

நான் இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அதற்கும் என்னையே திட்டினார்.

பொறுக்கி வந்த புத்தகங்களைச் சும்மா வைக்கவில்லை. அப்போது நான் வேலையில் இருந்தேன். புதன்கிழமை தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கி வரும் அம்மாக்களிடம் ஆளுக்கு ஒன்று திணித்தேன். ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் உட்கார வைப்போம் அல்லவா, அந்த நேரத்துக்கு. சிலர் விசிறிக்கொண்டார்கள். சிலர் படித்தார்கள்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் அந்த நம்பரைக் கூப்பிட்டேன்.

"புத்தகம் எழுதுன ஹசீனாவா?"

"ஆமாங்க. நீங்க யாரு?"

"ஒரத்தநாட்டுப் பக்கம் நர்ஸு. ஏம்மா, பங்குனில வாய்க்கால்ல தண்ணி எங்கேருந்து வந்துச்சு? நீ குடத்துல கொண்டாந்து ஊத்துனியா? அநியாயமா ஒரு புள்ளையக் கொன்னுட்டியே."

எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் மாதிரி வந்தது. பிறகு அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது.

"படிச்சீங்களா?"

"படிக்காமயா திட்டுறேன்?"

"முழுசா?"

"அட்டையிலேருந்து அட்டை வரைக்கும்."

"நம்பர் போட்டதுலேருந்து லோன் வேணுமான்னுதான் கூப்புடுறாங்க நர்ஸம்மா. புத்தகத்துக்குன்னு வந்த மொதப் போன் இதுதான்."

புத்தகம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். குத்தாலத்துக் கல்யாணத்தைச் சொன்னேன்.

"அங்க பச்சைச் சேலைல ஒரு அம்மா, கட்டைப்பைல அள்ளிக்கிட்டிருந்தாங்களே..."

"நாந்தான்."

"நான் தூணுகிட்ட நின்னேன். கல்யாணப் பொண்ணு எங்கூடக் காலேஜ்ல படிச்சவ. எம் புத்தகம் வீட்ல அப்படியே கெடக்குன்னு அவதான் பையில போட வச்சா. எல்லாரும் விட்டுட்டுப் போனாங்க. சரி, போறாங்கன்னு இருந்தேன். கடைசில நீங்க அள்ளுனீங்க. பழைய பேப்பருக்குப் போட எடுத்துட்டுப் போறீங்கன்னு நெனச்சேன்."

அன்றைக்கு வீட்டுக்குப் போய், பாதி எழுதி வைத்திருந்த அடுத்த புத்தகத்தைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டாளாம். "இனிமே எழுத மாட்டேன்னு எங்க மச்சான்கிட்டயும் சொல்லிட்டேன். அவங்க சரின்னுட்டாங்க. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு."

அவள் மச்சான் என்றது புருஷனை.

"பேப்பர்க்காரியா நானு?" என்றேன். பிறகு நிஜத்தைச் சொன்னேன். போன புதன்கிழமை ஒரு பெண், பிள்ளைக்கு ஊசியே இல்லாத வாரத்தில் வந்து, "நர்ஸம்மா, அந்தக் கடிகாரக்காரி அப்புறம் புருஷனுக்கு முன்னாடியே சாப்ட ஆரம்பிச்சாளா இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

"கடைசிக் கதைய எழுதுனவதான் நீ. மத்ததெல்லாம் யாரோ எழுதி உம் பேரப் போட்ட மாதிரி இருக்கு. உனக்கு நடவு தெரியுமா?"

"தெரியாதுங்க. காவிரிப் பக்கத்துக் கதைன்னா வயல் வரணும்ல?"

"யாரு சொன்னா?"

அவள் யோசித்தாள். "யாரும் சொல்லல. படிச்சதெல்லாம் அப்படித்தான் இருந்துச்சு."

"அப்படி இருந்தா? பங்குனில தண்ணின்னு எழுதிருவியா?"

"ஆனா தண்ணி இருக்கும் நர்ஸம்மா."

"எங்க இருக்கும்?"

"எங்க ஊரு ஆத்துல. பங்குனில வந்து பாருங்க."

"வருவேன். தண்ணி இல்லன்னா?"

"இல்லன்னா நான் எழுதுறத விட்டது சரின்னு அர்த்தம்."

"இருந்தா பரண்ல கெடக்குறது கீழ எறங்கணும்."

"சரி" என்றாள்.

தண்ணீர் இருக்கும் என்று தெரிந்தேதான் அவள் பந்தயம் கட்டினாள். மரமண்டை எனக்கு அது முத்துப்பேட்டையில் போய் நின்ற பிறகுதான் உறைத்தது.

உப்பு

வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். வழியில் தாண்டிய ஒவ்வொரு பாலத்திலும் பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எல்லாம் மணல். ஒரு ஆற்றில் ஆடு மேய்ந்தது. பந்தயத்தில் ஜெயித்துவிடுவேனோ என்று பயம் வந்துவிட்டது எனக்கு.

ஹசீனா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லி. மெதுவாகப் பேசினாள். நேரே கோரையாற்றங்கரைக்குக் கூட்டிப் போனாள்.

ஆறு நிறையத் தண்ணீர். கரை தொட்டு அசையாமல் நின்றது. மீன் படகுகள் கட்டிக்கிடந்தன. தூரத்தில் அலையாத்திக் காடு பச்சையாகத் தெரிந்தது.

நான் படியில் இறங்கி ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். உடனே துப்பினேன். உப்பு.

"கடல் உள்ள வந்து நிக்குதுங்க" என்றாள். "மழைக்காலத்துல மேலேருந்து உங்க தண்ணி வந்து இதத் தள்ளும். அது நின்னுட்டா இது வந்துரும். எங்க ஆறு வத்தி நான் பார்த்ததே இல்ல. அதான் எல்லா ஊர்லயும் இப்படித்தான்னு எழுதிட்டேன்."

வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "இது காவிரியா? இதுல ஒரு மா நெலங்கூட நடவு நட முடியாதேம்மா."

"நட முடியாதுதான் மாமா. ஆனா இதுவும் அதுதான். கடைசில இங்கதான் வருது."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நல்ல கோபம். கையில் இதை வைத்துக்கொண்டு எங்கள் வயலைக் கடன் வாங்கி எழுதியிருக்கிறாளே. "கடலும் ஆறும் வீட்டுப் பின்னாடி சண்ட போடுதுங்குற. இத எழுதாம எங்க அம்மாவப் பாட வச்சியாடி?" என்று கத்தினேன். படகில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் சிரித்தாள். அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பை முதலில் பார்த்தேன்.

வீட்டில் இடியாப்பமும் இறால் ஆணமும். நாங்கள் குழம்பு என்பதை அவர்கள் ஆணம் என்கிறார்கள். இரண்டாவது தடவை ஊற்றச் சொல்லி வீட்டுக்காரரே கேட்டார். முன்பக்கம் கடை. சுவரில் நிஜமாகவே இரண்டு கடிகாரம் இருந்தது. ஒன்று ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடியது. அதில் ஒரு மணி ஆனதும் அவள் போன் அடித்தது. வீடியோவில் அவள் மச்சான்.

"திட்டுன நர்ஸம்மா நீங்கதானா? நல்லா இன்னொரு வாட்டி திட்டுங்க. அவ எழுதலன்னா போன்ல என்னப் போட்டுக் காய்ச்சுறா."

"நீங்க ஏன் சரின்னு சொன்னீங்க?" என்று அவரையும் கேட்டேன்.

"அழுதுக்கிட்டே சொன்னா. வேற என்ன சொல்றதுன்னு தெரியலங்க."

பரணில் இருந்த காகிதக் கட்டை எடுத்துக் கொடுத்தது எங்கள் வீட்டுக்காரர். ஸ்டூல் இல்லாமலே எட்டினார். தூசியைத் தட்டி அவள் கையில் கொடுத்தார். புத்தகத்துக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான். ஆனால் ஊரெல்லாம் அந்தப் புத்தகத்தைத் தானே எழுதியது போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மறுபடி ஒரு மண்டபம்

அந்தப் பாதிப் புத்தகத்தை அவள் அப்படியே முடிக்கவில்லை. பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டு உப்பு ஆற்றங்கரையை எழுதினாள். போன ஆவணியில் தஞ்சாவூரில் எங்கள் மகள் கல்யாணம். தாம்பூலப் பையில் அந்தப் புத்தகத்தைத்தான் போட்டோம்.

நான் பெண்ணைப் பெற்றவள். மேடையில் நின்றிருக்க வேண்டும். வாசலில் நின்றேன்.

"தேங்காய வேணா வச்சுட்டுப் போங்க. புத்தகத்த எடுத்துட்டுப் போங்க."

"எடுத்துக்கிட்டோம் நர்ஸம்மா, கையில பாருங்க" என்று தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். பயம்தான். பயத்தில் எடுத்துப் போனால் என்ன, வீட்டில் ஒருநாள் கரண்ட் போகாதா?

ஹசீனா இந்தத் தடவையும் தூணுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். கண் மட்டும் நாற்காலிகள்மேல். கூட்டம் குறைந்ததும் அவள் நடந்து வந்து, நடு வரிசையில் ஒரு நாற்காலியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

நாற்காலிமேல் ஒரு புத்தகம்.

"எவன் அது?" என்று ஆரம்பித்தேன். அவள் அதற்குள் குனிந்து எடுத்துவிட்டாள். புரட்டினாள். நடுவில் ஒரு பக்கத்தின் மூலை மடித்திருந்தது.

"பாதி படிச்சிருக்காங்க நர்ஸம்மா" என்றாள், அத்தனை மெதுவாக.

அந்த நேரத்தில் வாசலிலிருந்து ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம். அதிராம்பட்டினத்தில் நண்டு வியாபாரம். வெளியே அவர்கள் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"அது என்னுது. பந்திக்கு முன்னாடியே பையை வாங்கி உக்காந்து படிச்சேன், கை கழுவப் போனப்ப வச்சேன்."

"பக்கத்த ஏன் மடிச்சீங்க?" என்றேன்.

"அடையாளத்துக்கு. இந்தப் பொண்ணு யாரோ நல்லா எழுதியிருக்குதும்மா. ஆனா ஒரு தப்பு இருக்கு. பௌர்ணமிக்கு நண்டு வாங்கிட்டு வந்து ஆக்குனாங்கன்னு எழுதியிருக்கு. பௌர்ணமி நண்டுல சதை ஏது? கூடுதான் இருக்கும். எழுதுறதுக்கு முன்னாடி கேக்க வேணாமா?"

நான் ஹசீனாவைப் பார்த்தேன். அழப்போகிறாளோ என்று நினைத்தேன்.

"நாந்தாங்க எழுதுனது" என்றாள். குரல் ஏறியிருந்தது. "அந்த வீட்ல காசு இல்ல. சதை இல்லாத நண்டுதான் அவங்களுக்குக் கட்டுப்படியாகும். தெரிஞ்சேதான் எழுதுனேன்."

"அப்ப அதச் சொல்லியிருக்கணும்ல?"

"அடுத்த பக்கத்துல இருக்கு. நீங்க மடிச்சதுக்கு அடுத்த பக்கம்."

"அது எப்படி? வாங்கும்போதே சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?"

"எல்லாத்தயும் வாங்கும்போதே சொல்லிட்டா நீங்க எதுக்குப் படிக்கணும்? உக்காருங்க, சொல்றேன்."

இரண்டு நாற்காலியை இழுத்து எதிரெதிரே போட்டாள். அவர் உட்கார்ந்தார். வேன் ஹாரன் அடித்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பாமலே கையை ஆட்டினார். வீட்டுக்காரர் என் காதில், "நீ பத்த வச்சதுதான் இது" என்றார். நான் காபி கொண்டுவரச் சொன்னேன்.

வேன்காரர் உள்ளே வந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் அந்த மனிதர் எழுந்தார். "இன்னும் ரெண்டு இடத்துல எனக்குச் சந்தேகம் இருக்கு. நம்பர் உள்ள இருக்குல்ல? கூப்புடுறேன்" என்று ஹசீனாவிடம் சொல்லிவிட்டு, புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

அவருடைய தேங்காய்ப் பை நாற்காலிக்குக் கீழேயே கிடந்தது.